ஜிம்னிக்கு வீல் ஸ்பேசர் மாட்டப் போகிறீர்களா? பெங்களூரில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்

போன ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு என் மாருதி ஜிம்னிக்கு நான்கு வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ள அதன் பின்னால் வைக்கும் உலோகத் துண்டு) மாட்டினேன். மூன்றாம் நாள் கனகபுரா பக்கம் ஒரு பாறைத் தடத்தில் ஓட்டிவிட்டு வீடு திரும்பும்போது, ஹாரோஹள்ளி தாண்டியதும் இடது பின்பக்கத்திலிருந்து "டக் டக்" என்று சத்தம். ஓரம் கட்டி வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் இறுக்கமாகவே இருந்தன. டயரில் கல் சிக்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டரில் சத்தம் பெரிதானது. வீலைக் கழற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஸ்பேசரை ஹப்போடு (அச்சு முனையில் சக்கரம் பொருந்தும் பாகம்) பிடிக்கும் உள் நட்டுகளில் மூன்று, விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. நட்டு ஏறும் ஸ்டட் கம்பிகளில் இரண்டின் மரை அரைபட்டுப் போயிருந்தது. பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்பேசர் மாட்டிய வண்டியில் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு வரிசை நட்டு இருக்கிறது. வெளி வரிசை கண்ணுக்குத் தெரியும். உள் வரிசை வீலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த உள் வரிசையைப் பற்றித்தான்.

என் வண்டி ஐந்து கதவு ஜிம்னி, அதனால் எண்கள் எல்லாம் அதற்கானவை. தார், கூர்க்கா, ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்களை மட்டும் உங்கள் வண்டியில் அளந்துகொள்ளுங்கள்.

1. முதலில், உங்களுக்கு இது தேவையா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் அலுமினியத் துண்டு. வீலை வெளிப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். வண்டி உயராது, பிடிமானம் அதிகமாகாது. இரண்டு காரணங்களுக்கு மட்டும் இதில் பயன் உண்டு. அகலமான டயர் போட்ட பிறகு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசுவது ஒன்று. பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாய்வதுபோல் பயம் தருவது இன்னொன்று. பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் மாட்ட வேண்டாம் என்பேன்.

215/75 ஆர்15 டயருக்காகக் கேட்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்). கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர், 215-இன் விட்டம் ஏறக்குறைய 703. பத்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். என் வண்டியில் இந்த டயர் ஸ்பேசர் இல்லாமலே எங்கும் உரசவில்லை. அதனால் முதலில் டயரை மட்டும் மாற்றி, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. வீல் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் சுமை கூடும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை அதிகமாக இழுக்கும். ஜிம்னியில் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் படபடவென்று ஆடும் கோளாறு பலருக்கும் தெரிந்ததுதான். உங்கள் வண்டியில் அது ஏற்கெனவே லேசாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் ஸ்பேசர் பக்கமே போகாதீர்கள்.

ஸ்பேசருக்குப் பதிலாக, அதே அளவு வெளியே தள்ளி நிற்கும் ஆஃப்செட் உள்ள வீலே வாங்கலாம். பேரிங்கின் சுமை அதிலும் அவ்வளவேதான் கூடும். ஆனால் இரண்டாவது வரிசை நட்டு இருக்காது. பணம் இருந்தால் இதுதான் நல்ல வழி. எனக்கு அன்று பணம் இல்லை.

2. எத்தனை மில்லிமீட்டர்? ஒரு பேப்பரில் கணக்குப் போடுங்கள்

கடையில் 20, 25, 30, 38 என்று அடுக்கி வைத்திருப்பார்கள். "முப்பது போட்டுக்கலாம் சார், கம்பீரமா இருக்கும்" என்பார்கள். அதற்கு முன் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போங்கள்.

ஜிம்னியின் மொத்த அகலம் 1645 மி.மீ. முன் டயர்களின் நடுவிலிருந்து நடு 1395, பின்பக்கம் 1405. முன்பக்கத்தை எடுத்துக்கொண்டால், 195 டயரின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 1395 கூட்டல் 195, அதாவது 1590. உடம்பு 1645 என்பதால் பக்கத்துக்கு 27 மி.மீ போல இடம் மிச்சம். இதில் 25 மி.மீ ஸ்பேசர் போட்டால் முன்பக்கம் 1640 ஆகிறது, மட்கார்டுக்குள் அடங்கிவிடும். பின்பக்கம் 1650, மட்கார்டின் விளிம்பை இரண்டரை மி.மீ மட்டும் தாண்டி நிற்கும்.

அதே 25-ஐ 215 டயரோடு போடுங்கள். முன்னால் 1660, பின்னால் 1670. பின் டயர் பக்கத்துக்கு 12 மி.மீ வெளியே துருத்தும். 30 மி.மீ போட்டால் இன்னும் 5 கூடும்.

துருத்தும் டயர் சேற்றையும் கல்லையும் பக்கத்தில் பைக் ஓட்டி வருபவர் மேல் வாரி அடிக்கும். போலீஸ் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். டயர் மட்கார்டுக்குள் நிற்க வேண்டும் என்பதை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் செட் 30 மி.மீ, இப்போது இருப்பது 25. ரோட்டில் 195 டயர்தான் ஓட்டுகிறேன்.

3. அளவெடுங்கள், கடைக்காரரின் ஞாபகத்தை நம்பாதீர்கள்

மூன்று அளவுகள் வேண்டும். 900 ரூபாய்க்கு ஒரு வெர்னியர் அளவுகருவி வாங்கினேன், அதுவே போதுமானது.

முதலாவது, ஸ்டட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டின் நடுவிலிருந்து நடு அளந்தால் முடிந்தது. ஐந்து ஸ்டட்டில் எதிரே ஸ்டட் இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் நடுவிலிருந்து நடு அளந்து, 1.701-ஆல் பெருக்குங்கள். ஜிம்னியில் 82.1 மி.மீ வரும், பெருக்கினால் 139.7. ஜிப்ஸிக்கும் இதேதான். கடையில் இதை "அஞ்சுக்கு அஞ்சரை" என்பார்கள், ஏனென்றால் 139.7 மி.மீ ஐந்தரை அங்குலம். "அஞ்சுக்கு அஞ்சு" என்பது 127 மி.மீ, இப்போதைய ஜீப் ராங்லரின் அளவு. சந்தடியில் காதில் மாறி விழும். எண்ணாகவே எழுதிக் காட்டுங்கள்.

இரண்டாவது, நடுத்துளை. ஜிம்னியில் சுமார் 108 மி.மீ. ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பின் மேல் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். அதன் வெளிப்பக்கம் அதே அளவில் ஒரு வரம்பு எழும்பியிருக்க வேண்டும், வீல் அதன் மேல் உட்காரும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று பெரிய துளையோடு விற்பவை உண்டு. அதில் வீல் நடுமையத்தில் நிற்பதற்கு ஸ்டட் மட்டுமே பொறுப்பு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும்.

மூன்றாவது, மரை. ஜிம்னியில் 12 மி.மீ ஸ்டட், மரை இடைவெளி 1.25. சந்தையில் 12-க்கு 1.5 அதிகம் புழங்குகிறது. இரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் பிடிக்கும். அந்த இடத்தில் கன் (டயர் கடையில் நட்டு இறுக்கும் மெஷின்) வைத்து இறுக்கினால் மரை போச்சு. உங்கள் வண்டியின் நட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். புது ஸ்பேசரின் ஸ்டட்டில் கையாலேயே கடைசிவரை சுற்றிப் பாருங்கள்.

4. எந்த வகை, எங்கே வாங்குவது

இரண்டு வகை உண்டு. வெறும் தட்டை, உங்கள் பழைய ஸ்டட்டின் மேலேயே வைத்து வீலை இறுக்குவது ஒன்று. தனியாக ஸ்டட் பதித்து வருவது இன்னொன்று. அதில் ஸ்பேசரை ஹப்போடு ஒருமுறையும், வீலை ஸ்பேசரோடு ஒருமுறையும் இறுக்குவோம்.

தட்டை வகையில் ஸ்டட் நீளம் குறைந்துவிடும். நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும். 12 மி.மீ ஸ்டட், 1.25 மரை என்றால் பத்து முழுச் சுற்று. எண்ணிப் பாருங்கள், பத்து வராவிட்டால் அந்தத் தட்டை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 20 மி.மீட்டருக்கு மேல் வேண்டுமென்றால் ஸ்டட் பதித்த வகை மட்டும்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பேசரின் தடிமனைவிட வண்டியின் பழைய ஸ்டட் நீளமாக இருந்தால், அதன் முனை ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். வீலின் பின்புறத்தில் அதற்குக் குழி இல்லையென்றால் வீல் சமமாக உட்காராது. ஸ்டட்டை அறுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லுவார். சம்மதிக்காதீர்கள். நாளைக்கு ஸ்பேசரைக் கழற்றினால் பழைய வீலைப் பிடிக்க ஸ்டட்டில் நீளம் இருக்காது.

பொருளைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டட்டின் தலையில் அதன் வலுவைக் குறிக்கும் 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். உடம்பில் 6061-டி6 அல்லது 7075-டி6 என்று அலுமினிய வகை இருக்கும். அச்சில் வார்த்த மலிவுச் சரக்கில் எதுவும் பொறித்திருக்காது, குழிகளின் உள்ளே சொரசொரப்பாக இருக்கும். நான் முதலில் வாங்கியது அதுதான், நான்குக்கும் சேர்த்து 5,200 ரூபாய். கடையில் "ஏனூ ஆகல்லா சார்" (ஒன்றும் ஆகாது சார்) என்றார்கள். கனகபுரா ரோட்டில் ஆகிவிட்டது.

நேரில் பார்த்து வாங்க ஜே.சி. ரோடும் அதை ஒட்டிய கலாசிபாளையமும்தான் இடம். கடைகளில் தமிழ் நன்றாகவே ஓடும். ஞாயிறு போகாதீர்கள், பல கடை மூடியிருக்கும். வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் பேச நேரம் கிடைக்கும். இரண்டாவது செட்டை ஒரு தயாரிப்பாளரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்கினேன். ஜி.எஸ்.டி.யோடு 14,500 ரூபாய், கைக்கு வர ஒன்பது நாள். மலை ஏறும் தேதியை முடிவு செய்துவிட்டு ஸ்பேசருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

5. காகிதங்கள்: மாட்டுவதற்கு முன்பே

இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், நானும் முதல் தடவை தாண்டிப் போனேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டயர்களுக்கு நடுவே உள்ள அகலம் ஆர்.சி. அட்டையில் இல்லையே, அதனால் பரவாயில்லை என்று கடையில் விளக்கம் சொல்வார்கள். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்களையும் அது பெயர் சொல்லியே சேர்க்கிறது. ஸ்பேசருக்கு அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனேன். எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை, அரை நாள் போனது.

அதனால் நான் எடுத்த முடிவு இது: ஸ்பேசர் தடத்துக்கு மட்டும். தனியார் நிலத்தில் இருக்கும் ஆஃப்ரோடு தடத்துக்குப் போய், அங்கே மாட்டி, ஓட்டி, கழற்றிவிட்டு வருகிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் உள் வரிசை நட்டு ஒவ்வொரு முறையும் என் கண்முன் வருகிறது, அது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன மாற்றம், எத்தனை மில்லிமீட்டர், பில் நகல், இரண்டு புகைப்படம். பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள், எனக்கு பன்னிரண்டு நாள் ஆனது. மறைத்துவிட்டு விபத்தில் சிக்கினால் உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால், பேரிங், ஹப், ஸ்டீயரிங் சம்பந்தமான எதையும் சர்வீஸ் சென்டர் ஏற்காமல் போகலாம்.

ஒரு கவரில் இவற்றை வைத்திருங்கள்: ஜி.எஸ்.டி. பில், அலுமினிய வகை குறித்த சான்று, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதில், மாட்டிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய தாள்.

6. மாட்டுவது: கன் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்

என் முதல் செட்டை ஒரு டயர் கடையில் இருபது நிமிடத்தில் மாட்டினார்கள். இம்பாக்ட் கன்னை வைத்து "டர்ர்" என்று ஐந்து நட்டு, அடுத்த வீல். எந்த நட்டு எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. ஒன்று அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும், பக்கத்தில் உள்ளது பாதியில் நின்றிருக்கும். அதோடு, ஹப்பில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றையும் துருவையும் யாரும் துடைக்கவில்லை. சேறு ஓடஓட உதிர்ந்து போகும், அந்த இடம் தளர்ந்துவிடும். ஹாரோஹள்ளியில் நடந்தது இதுதான்.

வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்தில் செய்வதற்கு முன் சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேவையானவை: குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் (எனக்கு 3,200 ரூபாய்), சுவர் மெல்லிய சாக்கெட் (450), ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு (2,400), கம்பி பிரஷ், முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை. மெல்லிய சாக்கெட் ஏன் என்றால், உள் நட்டு ஸ்பேசரின் குழிக்குள் இருக்கும், சாதாரண சாக்கெட் அதில் இறங்காது. முதல்முறை இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஒரு வீலாகச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள்.

ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். சில வண்டிகளில் பிரேக் டிரம்மைப் பிடிக்க ஸ்டட்டின் அடியில் மெல்லிய தகட்டு வளையம் இருக்கும், அதை எடுக்காமல் ஸ்பேசர் ஒட்டி உட்காராது. ஹப் நடுவின் வரம்பில் மட்டும் ஆண்டி-சீஸ் கிரீஸை லேசாகப் பூசலாம், இல்லையென்றால் அலுமினியமும் இரும்பும் மழையில் ஒட்டிக்கொண்டு கழற்ற வராது. ஸ்டட் மரையில் கிரீஸோ எண்ணெயோ படக் கூடாது. பட்டால் ரெஞ்ச் காட்டும் அளவு அதேதான், ஆனால் ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபடும்.

ஸ்பேசரை வைத்து ஐந்து நட்டையும் கையாலேயே கடைசிவரை சுற்றுங்கள். பிறகு நட்சத்திர வடிவில், ஒன்று விட்டு ஒன்றாக, மூன்று கட்டமாக இறுக்குங்கள்: 40, 70, 100 நியூட்டன் மீட்டர். ஜிம்னியின் வீல் நட்டுக்கு 100. ஸ்பேசர் தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் உள் வரிசைக்கு அதைப் பின்பற்றுங்கள். இறுக்கிய பின் ஸ்பேசருக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது.

அடுத்து வீல், அதே வரிசை, அதே அளவு. வண்டியைக் கீழே இறக்கிய பிறகு இன்னொருமுறை 100.

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றிவிட்டும் திருப்பிப் பாருங்கள், சமதளத்தில் உரசாதது அங்கே உரசும்.

ஸ்பேசர் போட்டதற்காக அலைன்மெண்ட் செய்யத் தேவையில்லை. சக்கரத்தின் கோணம் எதுவும் மாறுவதில்லை. 800 ரூபாய் மிச்சம்.

7. முதல் ஐம்பது கிலோமீட்டர்

புது இணைப்பு ஓடஓடத்தான் படியும். 50 கிலோமீட்டர் ஓடியதும், கைபொறுக்கும் அளவுக்குச் சூடு ஆறிய பிறகு, நான்கு வீலையும் கழற்றுங்கள். ஆமாம், கழற்றத்தான் வேண்டும், வெளி நட்டை மட்டும் பார்ப்பது போதாது. உள் நட்டுகளை மறுபடி 100-க்குச் சரிபாருங்கள், அப்புறம் வெளி நட்டுகளை. நல்ல செட்டில்கூட எனக்கு இரண்டு உள் நட்டுகள் கால் சுற்று போயின. 500 கிலோமீட்டரில் இன்னொருமுறை. நிரந்தரமாக மாட்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கடினமான தடத்துக்குப் பிறகும், எப்படியும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள்.

ஓட்டும்போது "டக்" என்று சீரான சத்தம் வந்தாலோ, ஸ்டீயரிங்கில் புதிதாக அதிர்வு வந்தாலோ உடனே நிறுத்துங்கள். வெளி நட்டு இறுக்கமாக இருக்கிறதே என்று நான் செய்ததுபோல் மறுபடி கிளம்பாதீர்கள். வீலைக் கழற்றி, ஸ்பேசரை எடுத்துவிட்டு, பழைய ஸ்டட்டிலேயே வீலை மாட்டி மெதுவாக வீடு வந்து சேருங்கள். அதற்காகவே வண்டியில் ஒரு செட் பழைய நட்டு, மெல்லிய சாக்கெட், டார்க் ரெஞ்ச் மூன்றும் எப்போதும் இருக்க வேண்டும்.

8. மொத்தச் செலவு

ஒழுங்காகச் செய்த இரண்டாம் முறைக்கு: ஸ்பேசர் 14,500, டார்க் ரெஞ்ச் 3,200, ஜாக்கி ஸ்டாண்டு 2,400, வெர்னியர் 900, சாக்கெட் 450. மொத்தம் 21,450 ரூபாய். கருவிகள் கையில் நிற்கும். வீணாய்ப் போனது முதல் செட்டின் 5,200-உம், இரண்டு ஸ்டட் மாற்றிய 1,400-உம்.

9. பஞ்சர் கடைக்குப் போகும்போது

மாட்டியது நீங்களாக இருக்கலாம், ஆனால் வழியில் பஞ்சரானால் வீலைத் தொடுவது வேறொருவர். அவர் பழக்கத்தில் கன்னை எடுத்துவிடுவார். போன மாதம் தடத்தில் பஞ்சர் போட வந்த ஒரு தம்பி அப்படித்தான் எடுத்தார். "தம்பி, கையாலயே கழட்டுங்க, மாட்டும்போது நான் இறுக்கிக்கிறேன்" என்றேன். "ஏன் அண்ணே?" என்று கேட்டார். உள்ளே இன்னொரு வரிசை இருப்பதைக் காட்டியதும், கன்னைக் கீழே வைத்துவிட்டு நான் இறுக்குவதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தார்.

தடத்தில் நான் இல்லாதபோது வண்டியை எடுப்பவர்களுக்காக ஜாக்கிப் பையில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் ஒரே செய்தி: "கன் வேண்டாம். 100 நியூட்டன் மீட்டர். உள்ளே இன்னும் ஐந்து நட்டு இருக்கிறது."